இருபத்திரண்டு விநாடி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம்தானே? இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் தகராறு செய்கிறது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்து, யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

விஷயம் நம் டிரைவிங் ஸ்கூலைப் பற்றியது. பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்கூல் வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, ஒரே நிறத்தில் ஆறு கார். நம்மிடம் இருப்பது இரண்டு. ஒன்றில் நான் கற்றுக்கொடுக்கிறேன், இன்னொன்றில் உன் மாமா. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான் மொத்த ஸ்டாஃபும். போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்கள் நான்கே பேர், அவர்களும் அங்கே இடம் கிடைக்காமல் இங்கே வந்தவர்கள். உன் மாமா வாசல் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். அடித்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். "பலகை நல்லாத்தான் இருக்கு. ஆனா போறவன் வர்றவன் எல்லாம் தலையைக் குனிஞ்சு போனையில்ல பாத்துட்டுப் போறான்" என்றார்.

பெரிய பெரிய கம்பெனிகளுக்கு சோஷியல் மீடியாவில் எதை, எப்போது, எப்படிப் போடுவது என்று திட்டம் எழுதிக் கொடுக்கிறவன் நீ. அக்காவுக்கும் ஒன்று எழுதிக் கொடேன். ஆபீஸ் வேலை கெடாமல், ஓய்வு கிடைக்கும்போது போதும். அவசரமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவைப் படி ஏறவிடாதே, படுக்கையைக் கீழே போட்டுக் கொடு.

திட்டத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதினோரு பக்கம். மலைக்காதே, சாரம் இவ்வளவுதான். அந்த ஸ்கூலோடு ஏசியிலும் காரிலும் உன்னால் போட்டி போட முடியாது. ஆனால் உன்னிடம் வருகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார். நாற்பது தாண்டிய பெண்கள், ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்கள். அவர்களுக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. ஆகவே 'பயந்தவர்களுக்கான ஸ்கூல்' என்றுதான் நாம் பேர் வாங்க வேண்டும். முதலில் நம் ஊர், அப்புறம் சுற்றியுள்ள ஊர்கள் என்று எங்கெங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஏழாம் பக்கத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று வீடியோ. ஒன்றில் மாமா ஏதாவது சொல்லித் தரட்டும். ஒன்றில் லைசன்ஸ் வாங்கியவரின் முகம். மூன்றாவதுதான் முக்கியம். வகுப்பில் தானாக நடக்கிற ஏதாவது வேடிக்கை. அறிவுரையை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை அக்கா, சிரிப்பைத்தான் அனுப்புகிறார்கள். காரின் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு சின்னக் கேமரா மாட்டு. ஸ்கூல் பக்கத்தின் பாஸ்வேர்டை எனக்கு அனுப்பு, இங்கிருந்தே நான் பார்த்துக்கொள்கிறேன். சேருகிறவர்களிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிவிடு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நாடுவதும் அதுவே. ஒரே நாளில் பதினோரு பக்கமா! ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? போன கடிதத்தில் உன் வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மா கேட்கிறாள்.

நீ சொன்னபடியே செய்தோம். உன் மாமா கிளச்சைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார். நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் இருபது தடவை அவரே பார்த்தது.

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அறுபத்தொரு வயது. அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் பிசியோதெரபி பயிற்சி நிலையத்துக்கு அவரைக் கூட்டிப் போக வேண்டும். வாடகைக் கார்க்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்களாம். "இனி யார் வாசல்லயும் நிக்கறதா இல்லம்மா, நானே ஓட்டக் கத்துக்கறேன்" என்றார். நோட்டில் கட்டம் போட்டுக் கிளச், பிரேக் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். கேமராவுக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நம்ம தப்பை நாமே பாத்துத் திருத்திக்கத்தானே?" என்று கேட்டார். ஆமாம் டீச்சர் என்றேன்.

நேற்று ரிவர்ஸ் எடுக்கும்போது, பழகுவதற்காக வரிசையாக வைத்திருந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் கூம்புகளில் ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டார். பதறிப்போய் இறங்கி ஓடினார். அதைத் தூக்கி நிறுத்தி, தூசி தட்டி, "ஐயோ, சாரிம்மா! அடி பட்டுடுச்சா?" என்று கேட்டார். பிறகு தான் யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துச் சிரித்துச் சீட்டில் சாய்ந்துவிட்டேன். வீடியோவை அனுப்புகிறேன், பார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நான்கு லட்சம் பேர்! மூன்றே நாளில்!

நீ அனுப்பியது ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது. இருபத்திரண்டு விநாடிக்கு வெட்டினேன். இடிக்கிறார், ஓடுகிறார், மன்னிப்புக் கேட்கிறார், அங்கேயே முடித்துவிட்டேன். அவர் சிரிப்பதை விட்டால் சுவை போய்விடும். தெரியாமல் செய்தால்தானே வேடிக்கை? பின்னால் ஒரு துள்ளல் இசை. மேலே ஒரு வரி: 'அடுத்த மாதம் இவங்க உங்க தெருவில ஓட்டப் போறாங்க.' அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

இத்தனை வருஷத்தில் என் கையால் எதுவும் இப்படி ஓடியதில்லை அக்கா. பெரிய கம்பெனிகளுக்காக மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டபோதுகூட. அந்த டீச்சர் லைசன்ஸ் வாங்கும் நாளில் இன்னொரு வீடியோ போடுவோம். அன்றைக்கு அவர்தான் கதாநாயகி. எல்லாம் திட்டத்தில் இருக்கிறது.

மாமா என்ன சொல்கிறார்?

தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் பத்தொன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஸ்கூல் போன் ஓய்வதில்லை. உன் மாமா சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு அலைகிறார். கண்ணாடிக் கதவுக்காரர் நம் வாசலில் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பொய் சொல்லவில்லை, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் டீச்சர் இரண்டு வகுப்பாக வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதை நேற்றுத்தான் உட்கார்ந்து படித்தேன். 'கிழவிக்கு எதுக்கு காரு.' 'வீட்ல ஒரு மூலையில உக்காரச் சொல்லு.' 'இன்னிக்குக் கூம்பு, நாளைக்கு யாரு?' ஒருத்தன் எழுதியிருக்கிறான்: 'இது எங்க கணக்கு டீச்சர். என்னை பெஞ்சு மேல நிக்க வெச்சாங்க. இப்ப பாருங்க.' அதற்கு ஒன்பதாயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள்.

எடுத்துவிடலாமா தம்பி? பத்தொன்பது பேர் வந்தது போதுமே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நடுவில் கொஞ்சம் அலைச்சல்.

கீழே வரும் பேச்சையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. அதில் பாதிப்பேர் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். மோசமானவற்றை நான் உட்கார்ந்து மறைத்து வருகிறேன். இப்போது முப்பத்தோரு லட்சம். இந்த நேரத்தில் எடுத்தால் ஓடுகிற காரில் சாவியைப் பிடுங்குகிற மாதிரி. ஒரே ஒரு வாரம் பொறு. அடுத்த வியாழக்கிழமை தாண்டட்டும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

டீச்சர் வந்துவிடுவார். வயதானவர்களுக்கு முதலில் அப்படித்தான் இருக்கும்.

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

உன் போனுக்கு ஆறு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

இன்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, சின்ன வீடு. ஜன்னலோரக் கட்டிலில் அவர் கணவர் சாய்ந்திருந்தார். டீச்சர் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

"பையன் கூப்பிட்டான்" என்றார். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். "ஆபீஸ்ல யாரோ அவன்கிட்ட காட்டியிருக்காங்க. அவனும் சேந்து சிரிச்சிருக்கான். ரெண்டாவது தடவை பாக்கும்போதுதான் அம்மான்னு தெரிஞ்சுதாம். இனிமே கார் பக்கமே போகாதேன்னுட்டான். அதைச் சொல்லும்போது அழுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் என் கையைத் தொட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. கடைசியில நான் சிரிச்சேனே, அது எங்க போச்சு? அது இருந்தா, தன்னைத்தானே கேலி பண்ணிக்கற ஒருத்தி. அது இல்லாம, மூளை குழம்பினவ. ரெண்டும் வேற வேற ஆளு இல்லையா?"

உன்னிடம் இதற்குப் பதில் இருந்தாலும் எனக்கு வேண்டாம். வியாழக்கிழமையும் வேண்டாம். எனக்கு எடுக்கத் தெரியவில்லை, இதைப் படித்த கையோடு நீ அதை எடு.

அக்கா


மார்ச் 2

அக்கா,

எடுத்துவிட்டேன். உன் கடிதத்தைப் பார்த்த அடுத்த நிமிடம்.

ஆனால் நீயாகத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் இருந்ததைத்தான் எடுக்க முடிந்தது. வெளியே இருப்பதை என்னால் தொட முடியாது. காலையிலிருந்து தேடினேன். எழுபது இடம் வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். யாரோ இசையை மாற்றியிருக்கிறார்கள். யாரோ டீச்சர் முகத்தை மட்டும் வெட்டி, 'சாரிம்மா' என்று எழுதி, அரட்டையில் அனுப்புகிற ஸ்டிக்கராக்கி இருக்கிறார்கள். எங்கோ ஒரு டயர் கடை விளம்பரத்தில்கூட வருகிறது. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருவர் அந்த ஸ்டிக்கரையே எனக்குப் பதிலாக அனுப்பினார். புகார் கொடுத்தேன். விதி எதுவும் மீறப்படவில்லை என்று உடனே பதில் வந்தது. அது மனிதர் எழுதிய பதில்கூட இல்லை.

ஒன்றைப் பரப்ப என்னென்ன செய்ய வேண்டும் என்று பதினோரு பக்கம் எழுதினேன். திரும்ப வாங்குவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்த யாருக்கும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றரை மாதமாக இருவருமே எழுதவில்லை. நலமாக இரு. அம்மா இப்போது கீழேதான் படுக்கிறாள், வலி குறைந்திருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் காலை வகுப்புகளை உன் மாமாவிடம் தள்ளிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போகிறேன். அவர் கணவரை நானும் டீச்சருமாகக் கைத்தாங்கலாக மூன்று மாடி இறக்கி, முன் சீட்டில் உட்கார வைத்து, பயிற்சி நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன். முதலில் டீச்சர் வேண்டாம் என்றார். நான் தினமும் போய் நின்றேன். கடைசியில் அலுத்துப்போய்ச் சம்மதித்தார். பின் சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருவார். சிக்னலில் வண்டி நின்றால் தோள்பையைத் தூக்கி மடியில் வைத்துக் குனிந்து எதையோ தேடுவார். பச்சை விழுந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டுவேன்.

ஸ்கூல் நிரம்பி வழிகிறது. மூன்றாவது கார் எடுக்கலாம் என்கிறார் உன் மாமா. சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த சாரி சொன்ன அம்மா இங்கதானே படிச்சாங்க?" ஆமாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதை உனக்கு அனுப்பும்போது, எங்கும் போடாதே என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. நீ நான்கு லட்சம் என்று எழுதிய அன்றைக்கு எண்ணிக்கை ஏறுவதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தவள் நான்தான். ஆகவே பழியை உன் தலையில் மட்டும் கட்டவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். வியாழக்கிழமை வரை பொறு என்றாயே, அது எதற்கு?

அன்புடன்,
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? உன் கேள்வியைப் படித்து ஏழு வாரமாகிறது. நாலைந்து தடவை எழுதி அழித்துவிட்டேன்.

போன நவம்பரில் என் வேலை போய்விட்டது. என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். அம்மா கவலைப்படுவாள் என்று சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாததற்கு அந்தக் காரணம்கூட இல்லை, வெட்கம்தான். ஒரே நாளில் பதினோரு பக்கம் எப்படி எழுதினேன் என்று கேட்டாயே, வேறு வேலையே இல்லாததால்தான்.

அந்த வியாழக்கிழமை ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. சமீபத்தில் செய்த ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். அன்றைக்கு அது நம் பக்கத்தில் இல்லை. ஆனால் என் லேப்டாப்பில் வைத்திருந்தேன் அக்கா. உன்னிடம் எடுத்துவிட்டேன் என்று எழுதிய மூன்றாம் நாள் அதைப் போட்டுக் காட்டினேன். மேஜையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கேயே வேலை உறுதியாகிவிட்டது.

மாதம் இரண்டு முறை புது வாடிக்கையாளர்கள் வருவார்கள். செலவே இல்லாமல் சின்னக் கடைகூட எப்படிப் பேர் வாங்கலாம் என்பதற்கு உதாரணமாக அதைத்தான் காட்டுகிறார்கள். போட்டுக் காட்டுகிறவன் நான்தான். மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். "சார், வேற எதையாவது காட்டலாமே?" "ஏம்பா, நல்லாத்தானே இருக்கு?" "அந்தம்மாவுக்குக் கஷ்டமா இருக்கு சார்." "நாம நிறுத்தினா மட்டும் நின்னுடுமா? ஊரே பாத்தாச்சு" என்று சிரித்தார். அதற்கு மேல் பேச எனக்குத் துணிவில்லை. வேலையை விடவும் துணிவில்லை. விளக்கை அணைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். சிரிப்புச் சத்தத்தை வைத்தே இப்போது எத்தனையாவது விநாடி என்று தெரிந்துவிடுகிறது.

டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர் சிரிப்பதை வெட்டியவன் நான்தான் என்று எழுதியிருக்கிறேன். கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இனிமேல் உண்மையாகவே எழுது. வேலை போன செய்தியைச் சொல்ல அக்கா வேண்டியதில்லை என்று நினைத்தாயே, அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. மற்றதைப் பற்றி நான் என்ன சொல்ல? இங்கே மூன்றாவது கார் வந்து நிற்கிறது. தினமும் காலையில் அதைத் துடைக்கிறவள் நான்தான்.

உன் கடிதத்தை அச்செடுத்து உறையில் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடித்து உறையில் வைத்தார். "பதில் போடணுமா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம் டீச்சர்."

"பரவாயில்லன்னு எழுதினா பொய். மன்னிக்க மாட்டேன்னு எழுதினா அதுவும் பொய்தான். என்னத்த எழுத?" என்றார். அத்துடன் விட்டுவிட்டோம்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அவர் கணவருக்குக் காலை நீட்டி வைக்க வேண்டியிருந்ததால் அவரைப் பின் சீட்டில் சாய்த்துவிட்டு, டீச்சர் முதன்முறையாக முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நம் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது அல்லவா, கற்றுக்கொடுக்கிறவருக்காக வைத்தது. மார்க்கெட் திருப்பத்தில் ஒரு சைக்கிள் சந்திலிருந்து குபீரென்று குறுக்கே வந்தது. நான் பார்க்கவில்லை. உண்மையிலேயே பார்க்கவில்லை தம்பி. கார் தானாக நின்றது. ஒரு குலுக்கல் இல்லை. சைக்கிள்காரர் கை காட்டிவிட்டுப் போனார். குனிந்து பார்த்தேன், டீச்சரின் பாதம் பிரேக்கின் மேல் இருந்தது.

காரை ஓரமாக நிறுத்தினேன்.

"டீச்சர், இந்த மாதிரி பிரேக் போட என் கிட்ட வர்றவங்களுக்கு ஆறு மாசமாகும். நீங்க பத்து வகுப்பு வந்தா போதும். மறுபடி ஆரம்பிக்கலாம். கேமரா கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றேன்.

அவர் காலை மெல்ல எடுத்துச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பின் சீட்டிலிருந்து அவர் கணவர் என்னவோ சத்தம் எழுப்பினார், வார்த்தையாக வரவில்லை. டீச்சர் கையைப் பின்னால் நீட்டி அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"ஓட்டத் தெரியும்மா எனக்கு. ஆனா ரோட்டுல என்னைத் தெரியாதவங்க இருக்கணும். உன் தம்பிக்கு எது எங்கெல்லாம் போய்ச் சேரும்னு நல்லாத் தெரியுமாமே. அந்த வீடியோ போய்ச் சேராத ஊர் ஒண்ணு இருந்தா கேட்டுச் சொல்லு. சின்ன ஊரா இருந்தாலும் பரவாயில்ல. நாங்க அங்க போய் இருந்துக்கறோம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுச் சொல்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சொன்ன சொல்லுக்காகக் கேட்கிறேன். அப்படி ஓர் ஊர் தெரிந்தால் எழுது தம்பி.

அன்புடன்,
அக்கா